ஒரு புகாரும் ஏழு கறுப்புத் திட்டுகளும்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கு ஒரு கரை இருந்தது. இந்தக் கதையில் சிங்கத்தைத் தேடாதீர்கள். மண் சுமக்கிற இடத்துக்குச் சிங்கம் என்றைக்கும் வந்ததில்லை.

கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் முயல், கீரி, எலி, அழுங்கு என்று சின்ன விலங்குகள் எல்லாம் வளை தோண்டிக் குடியிருந்தன. கரை நின்றால் அவை இருக்கும். கரை உடைந்தால் இருக்காது. விஷயம் அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் கரையைப் பழுது பார்ப்பார்கள். காட்டுக்குத் தலைவி ஆனையம்மா. அது மலைமேல் இருந்தது. மாதம் ஒருமுறைதான் கீழே இறங்கி வரும். ஆகவே, வேலையை மேற்பார்வை பார்க்க ஒரு கழுதைப்புலியை வைத்திருந்தது.

கழுதைப்புலிக்குத் தன் பெயரின் முன்பாதி பிடிக்காது.

"என்னைப் புலியார்னுதான் கூப்பிடணும். புரியுதா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டது.

எல்லா விலங்குகளும் அதன் முகத்துக்கு நேரே 'புலியார்' என்றன. அது திரும்பி நடந்ததும் மீதிப் பாதியைச் சொல்லிச் சிரித்தன.

கழுதைப்புலிக்கு உதவியாக ஒரு நரி. நரி உட்காரும் இடத்துக்கு மேலே, நாவல் மரக் கிளையில், ஒரு பானை தொங்கியது. அதற்குப் புகார்ப் பானை என்று பெயர். குறை ஏதாவது இருந்தால் ஓர் இலையில் கீறி அதில் போடலாம். பெயர் போட வேண்டாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பானையில் கை விடுவது யார்? நரி. எடுத்துப் படித்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்வது யாரிடம்? கழுதைப்புலியிடம். புகாரெல்லாம் யார்மேல் இருக்கும்? உங்களுக்கே தெரியும்.

போன ஆண்டு ஒரு முள்ளம்பன்றி அந்தப் பானையை நம்பியது. 'களிமண் குழியின் மேல்பக்கம் சரிகிறது, ஆட்களை உள்ளே இறக்காதீர்கள்' என்று பல்லால் கீறிப் போட்டது.

நரி இலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது. அதற்கு ஒரு திறமை உண்டு. எந்தப் பல் எந்த வாயில் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

"முன்பல் ரெண்டு, நடுவில இடைவெளி. நம்ம முள்ளம்பன்றிதான் புலியாரே."

மறுநாள் கழுதைப்புலி எல்லாரையும் கூட்டியது. "முள்ளம்பன்றியோட முள்ளால கூட வேலை செய்யறவங்களுக்கு ஆபத்து. எனக்கு உங்க பாதுகாப்புதான் முக்கியம். இன்னையிலிருந்து அதுக்கு வேலை கிடையாது" என்றது.

பத்து ஆண்டுகளாக அதே முள்ளோடுதான் முள்ளம்பன்றி அங்கே வேலை செய்தது. வளையைக் காலி செய்துகொண்டு காட்டின் வறண்ட பக்கத்துக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பானையில் ஓர் இலைகூட விழவில்லை.

இந்த ஆண்டு கரையில் இருபது இடங்கள் பழுது. பழைய மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் களிமண்ணை வைத்து இடிக்க வேண்டும். களிமண் குழி அரை நாள் நடை தூரம். பதின்மூன்று இடங்களை விலங்குகள் சுமந்து வந்து நிரப்பின. ஏழு இடங்கள் பாக்கி.

கழுதைப்புலி வானத்தைப் பார்த்தது. பிறகு மலையைப் பார்த்தது. 'சொன்ன நாளுக்கு முன்னாடியே முடிச்சா ஆனையம்மா என்னைப் பக்கத்துல வச்சுக்கும். மலைமேல ஒரு குகை கிடைக்கும்' என்று அதற்கு ஆசை.

"எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. மீதி ஏழையும் நானே பாத்துக்கறேன்" என்றது.

விலங்குகள் ஆச்சரியப்பட்டன. "பரவாயில்லையே, கழுதை நல்லதாயிடுச்சே!" என்றது கீரி.

சாப்பிட்டுவிட்டு வந்தால் ஏழு குழிகளும் மூடியிருந்தன. மேலே மண் பூச்சு வழவழவென்று இருந்தது.

"இந்த ஏழு இடத்திலயும் யாரும் கால் வைக்கக் கூடாது. காயணும்" என்றது நரி.

யாரும் கால் வைக்கவில்லை. பூச்சும் இரண்டு வாரத்தில் நன்றாகக் காய்ந்து மற்ற இடங்களைப் போலவே ஆகிவிட்டது.

இப்போது அழுங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழுங்கு எறும்பைத் தின்னும். உடம்பு முழுக்கச் செதில். பயந்தால் பந்து போலச் சுருண்டுவிடும். இந்த அழுங்கின் பெயர் செதிலி. அது எதற்குத்தான் பயப்படாது என்று கேட்டால் பதில் இல்லை. இடி இடித்தால் சுருளும். பக்கத்தில் யாராவது தும்மினால் சுருளும். ஒருமுறை தன் வாலைத் தானே மிதித்துவிட்டுச் சுருண்டது.

கரையின் கடைசியில், மருத மரத்துப் பக்கம், வாலால் மண்ணை இடிக்கிற வேலை செதிலிக்கு. அந்தப் பக்கம் வேறு யாருக்கும் வேலை இல்லை. அதன் குட்டி எப்போதும் வாலின் மேல் தொற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் குட்டி வழுக்கிக் கீழே விழுந்தது. விழுந்தது மூடிய குழியின் மேல். எழுந்திருக்கக் காலை ஊன்றியது. கால் உள்ளே போய்விட்டது.

"அம்மா! கால்!"

செதிலி பாய்ந்து நகத்தை உள்ளே விட்டுக் குட்டியை இழுத்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது.

களிமண்ணில் நகம் போனால் 'சதக்' என்னும். இது 'சரக்' என்றது.

செதிலி இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தது. உள்ளே களிமண் ஒரு கைப்பிடிகூட இல்லை. அத்தனையும் சருகு. மேலே மட்டும் விரல் கனத்துக்கு மண்.

அது சுருளவில்லை. சுருளக்கூட மறந்துபோய் நின்றது. கரைக்குக் கீழே பார்த்தது. அதன் வளை அங்கேதான் இருந்தது. நேர் கீழே.

ஓட்டையை மண் வைத்து மூடிவிட்டுக் குட்டியைத் தூக்கி வாலில் வைத்தது.

"அம்மா, உள்ள ஏன் சருகு இருக்கு?"

"யார்கிட்டயும் சொல்லாதே."

"ஏன்?"

"முள்ளம்பன்றி மாமா எங்கே இருக்கார் தெரியுமா?"

குட்டி வாலோடு ஒட்டிக்கொண்டது.

சொன்னால் வேலை போகும், வளை போகும். சொல்லாவிட்டால் மழை வந்து குட்டியே போகும். செதிலிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எறும்புதான், இருந்தாலும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஆனையம்மா வந்தது. கழுதைப்புலி ஓடிப்போய் எதிரே நின்றது.

"இருபது இடமும் முடிஞ்சுதும்மா. சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாடியே! மலைமேல எனக்கு ஒரு குகை குடுத்தீங்கன்னா..."

"புகார் ஏதாவது?"

"ஒண்ணுகூட இல்லை. ஒரு வருஷமா பானை காலி!"

ஆனையம்மா தும்பிக்கையால் பானையை இறக்கிப் பார்த்தது. பானையின் வாயில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. சாதாரண வலை இல்லை. குட்டி, பேரன் எல்லாம் வைத்துக் குடும்பம் நடத்தும் வலை.

"இங்கே எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"இருநூறு பேரும்மா."

"என் வீட்ல ஆறு பேர் இருக்கோம். ஒரு நாளைக்கு அறுபது புகார் வருது. இருநூறு பேருக்கு ஒரு வருஷமா ஒரு குறையும் இல்லையா?"

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கம்மா!" என்றது நரி.

ஆனையம்மா சுற்றிலும் பார்த்தது. இருநூறு விலங்குகளும் தரையைப் பார்த்தன.

"சந்தோஷமா இருக்கறவங்க நிமிர்ந்து பாப்பாங்களே" என்றது ஆனையம்மா. பானையைக் கீழே வைத்து ஒரு மிதி மிதித்தது. "இனிமே பானை வேண்டாம். குறை கேக்க வெளியிலிருந்து ஆளைக் கூட்டிட்டு வரேன்."

பக்கத்துக் குளத்தில் ஓர் ஆமை இருந்தது. முதுகில் இருக்கும் ஓட்டைத் தவிர அதற்குச் சொத்து எதுவும் கிடையாது. ஆகவே எல்லாரும் அதை 'ஓட்டாண்டி' என்று கேலி செய்வார்கள். அது கோபப்படாது. அவசரமும் படாது. வாயைத் திறப்பதே அபூர்வம்.

ஆனையம்மா அதைத் தூக்கி வந்து கரையில் வைத்தது. ஆமை முதலில் எல்லார் முன்னாலும் ஒரு கேள்வி கேட்டது.

"என்னை இந்த வேலையை விட்டு அனுப்பறது யாரு? இவரா?"

"இல்லை. அடுத்த ரெண்டு மழைக்கு உன்னை யாரும் அனுப்ப முடியாது. நானும்தான்."

"என்கிட்ட சொன்னவங்களை யாராவது தொட்டா?"

"தொட்டவங்களுக்கு இந்தக் காட்டில இடம் இல்லை" என்று சொல்லிவிட்டு ஆனையம்மா மலைக்குப் போனது.

கழுதைப்புலி பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. "வாங்க வாங்க! நாவல் மரத்தடியில நம்ம பக்கத்துலயே உங்களுக்கு இடம் போட்டாச்சு. அத்திப்பழம் சாப்பிடுங்க."

"பழம் யாரோடது?"

"நம்மளோடதுதான்!"

"அப்போ வேண்டாம். உம்ம பழத்தை வாயில வச்சுக்கிட்டு உம்ம மேல வர்ற புகாரை எப்படிப் பேசறது? வாய் நிறைஞ்சிருக்குமே."

"சரி, எங்கேதான் உக்காருவீங்க?"

"தண்ணித் துறையில."

"அங்கே எல்லாரும் வந்து போவாங்களே!" என்றது நரி.

"அதனாலதான்."

தண்ணீர் குடிக்க இருநூறு பேரும் அந்தத் துறைக்குத்தான் வர வேண்டும். வந்தவர் குடிக்க வந்தாரா, சொல்ல வந்தாரா என்று யாருக்குத் தெரியும்? நரி எதிர்க்கரையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தது. இருநூறு தலைகள் குனிந்தன, இருநூறு தலைகள் நிமிர்ந்தன. நரிக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

செதிலியும் வந்தது. குனிந்தது. தண்ணீரில் வாயை வைத்தபடியே பேசியது. பாதி வார்த்தை குமிழியாகப் போயிற்று.

"ஐயா... கரையில... சருகு..."

"தண்ணியை முழுங்கிட்டுச் சொல்லும்மா. கண்ணால பாத்தியா, கேள்விப்பட்டியா?"

"நகத்தால பாத்தேன்." செதிலி எல்லாவற்றையும் சொன்னது. குட்டியின் கால், 'சரக்' என்ற சத்தம், மருத மரத்துப் பக்கம், நேர் கீழே தன் வளை. "மத்த இடம் எப்படின்னு தெரியாது ஐயா. பாக்காததைச் சொல்ல மாட்டேன். ஒரு இடம்தான் பாத்தேன்."

"அந்தப் பக்கம் வேலை செய்யறது யார் யாரு?"

"நான் மட்டும்தான்."

ஆமை யோசித்தது. "அப்போ இடத்தைச் சொன்னா உன் பேரைச் சொன்ன மாதிரி."

செதிலி சுருளத் தொடங்கியது.

"சுருளாதே. இங்கே சுருண்டா எல்லாரும் பாப்பாங்க. நான் இடத்தையும் இங்கே யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. போய் வேலையைப் பாரு."

ஆமை செதிலியின் சொல்லை மட்டும் நம்பிவிடவில்லை. மறுநாள் மெதுவாகக் கரை முழுக்க நடந்தது. மருத மரத்துப் பக்கம் போனபோதும் மற்ற இடங்களில் நின்ற நேரம்தான் நின்றது. ஒரு நகம் அளவுக்குக் குத்திப் பார்த்தது. 'சரக்' என்றது. முகத்தில் எதையும் காட்டாமல் நடையைத் தொடர்ந்தது.

பிறகு ஒரு கொக்கிடம் ஆனையம்மாவுக்குச் சேதி அனுப்பியது. அடுத்த நாள் காலையில் எல்லாரும் கூடியதும் பேசியது.

"ஒரு புகார் வந்திருக்கு. கரையில ஒரு இடத்தில வேலை சரியில்லை. நாளை மறுநாள் ஆனையம்மா வந்து மிதிச்சுப் பாக்கும். எந்த இடம்னு அதுகிட்ட மட்டும்தான் சொல்லுவேன். புலியாரே, நீங்க ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லலாம். அதையும் அப்படியே சொல்லுவேன்."

"பொய்! எவன் சொன்னது?" என்று கத்தியது கழுதைப்புலி.

"என்ன சொன்னாங்கன்னு கேளுங்க."

"எவன்னு கேக்கறேன்!"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நரி ஓட்டின் மேல் தட்டியது. "ஐயா, பேர் வேண்டாம். ஆணா, பெண்ணா? அதையாவது சொல்லுங்க."

உள்ளேயிருந்து சத்தமில்லை.

"நாலு காலா, ரெண்டு காலா?"

உள்ளேயிருந்து குறட்டைதான் வந்தது.

நரி அடுத்து விலங்குகள் பக்கம் திரும்பியது. ஒவ்வொன்றின் காதிலும் ஒரே பொய்யைச் சொல்லி முகத்தைப் பார்த்தது. செதிலியிடமும் வந்தது.

"என்னக்கா, ஆமை எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நீங்கதானாமே?"

செதிலி அந்த இடத்திலேயே பந்தாகிவிட்டது. குட்டி உள்ளே மாட்டிக்கொண்டு வால் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஆகா! சுருண்டுட்டீங்க! அப்போ நீங்கதான்!"

பக்கத்தில் நின்ற கீரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யோவ் நரி, நேத்து ஒரு அத்திப்பழம் விழுந்துச்சு, அதுக்கும் இதே மாதிரிதான் சுருண்டுச்சு. அத்திப்பழத்தைப் பத்தியும் அது புகார் குடுத்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நரியின் முகம் சுருங்கியது. நரி அடுத்த ஆளைத் தேடிப் போனது. செதிலியின் பயம் அதற்கு வாழ்க்கையில் முதல் முறையாக உதவியது.

அன்று மதியம் கழுதைப்புலியும் நரியும் நாவல் மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தன.

"ஏழு இடத்தில எதைச் சொல்லியிருப்பான்?" என்றது கழுதைப்புலி.

"தெரியலையே. இடம் தெரிஞ்சா ஆளைப் பிடிச்சிடலாம். ஆள் தெரிஞ்சா இடத்தைப் பிடிச்சிடலாம். அந்த ஓட்டாண்டி ரெண்டையும் முழுங்கிடுச்சே."

"ஆனையம்மா கால் வச்சா என்ன ஆகும்?"

"சரக்."

கழுதைப்புலி கரையைத் திரும்பிப் பார்த்தது.

"அப்போ ஏழையும் கனமாப் பூசிடுவோம். இடுப்பளவு சேறு வச்சா யானைக் காலும் தாங்கும்" என்றது கழுதைப்புலி.

"களிமண் குழி அரை நாள் தூரம் புலியாரே."

"ஏரி பக்கத்திலதானே இருக்கு? வண்டலை அள்ளு!"

மறுநாள் காலையில் கழுதைப்புலி ஓர் அறிவிப்புச் செய்தது. "இன்னைக்கு எல்லாருக்கும் விடுமுறை!"

விலங்குகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அந்தக் கரையில் விடுமுறை என்ற சொல்லை யாரும் கேட்டதே இல்லை. ஒரு கிழட்டு முயல், "அப்படின்னா என்ன? எங்கே போய் வாங்கணும்?" என்று கேட்டது.

கரை காலியானதும் இரண்டும் வேலையில் இறங்கின. ஏரியிலிருந்து வண்டலை அள்ளின, ஏறின, கொட்டின, பூசின. மதியத்துக்குள் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. சாயங்காலம் ஏழாவது இடத்தையும் பூசி முடித்துவிட்டு அங்கேயே மல்லாந்தன.

"யானை இல்லை, மலையே வந்து நிக்கட்டும்" என்றது கழுதைப்புலி.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டன. கரை செம்மண் நிறம். ஏரி வண்டல் கறுப்பு.

மறுநாள் ஆனையம்மா வந்தது. வானம் வடக்கே இருட்டிக்கொண்டிருந்தது. இருநூறு விலங்குகளும் கரையடியில் கூடி நின்றன. செதிலி கடைசியில் நின்றது. குட்டி அதன் வாலை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஓட்டாண்டி, அந்த இடம் எது? சொல்லு" என்றது ஆனையம்மா.

"அது இருக்கட்டும். அதுக்கு முன்னாடி கரையை ஒரு தடவை பாருங்கம்மா."

ஆனையம்மா பார்த்தது. நீளமான சிவந்த கரை. அதில் ஈரம் சொட்டச் சொட்ட ஏழு கறுப்புத் திட்டுகள்.

"புகார் எத்தனை இடத்தைப் பத்தி?"

"ஒண்ணு."

"இது ஏழு இருக்கே! என்ன இது?"

கழுதைப்புலி முன்னால் வந்தது. "மழை வருதேன்னு ஒரு பாதுகாப்புக்கு இன்னொரு பூச்சுப் பூசினேம்மா. எனக்கு வேலைன்னா உசுரு."

"பழுது பாத்தது இருபது இடம். பூசினது ஏழு. மீதிப் பதின்மூணை ஏன் விட்டீர்?"

"அது பதின்மூணும் நல்லாத்தாம்மா இருக்கு, அதுக்கெதுக்கு..." என்று ஆரம்பித்த கழுதைப்புலி வாயை மூடிக்கொண்டது.

ரொம்பத் தாமதமாக மூடிக்கொண்டது. நரி கண்ணை இறுக மூடியது. கீரி மெதுவாக, "போச்சு, கழுதை தன்னைத்தானே கட்டிப் போட்டுக்கிச்சு" என்றது. இந்த முறை கழுதைப்புலியின் முகத்துக்கு நேரேதான் சொன்னது.

ஆனையம்மா முதல் திட்டின் மேல் முன்னங்காலை வைத்தது. கால் சேற்றுக்குள் இறங்கியது. அதற்குக் கீழே, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரு சத்தம் வந்தது.

சரக்.

காலை வெளியே எடுத்தது. கால் நிறையச் சருகு.

இரண்டாவது. சரக். மூன்றாவது. சரக். நான்காவது இடத்துக்குப் போகும்போது இருநூறு விலங்குகளும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டன. "சரக்!" ஐந்தாவது. "சரக்!" ஆறாவது. "சரக்!" மருத மரத்துப் பக்கம் ஏழாவது. அங்கே ஒரு சின்னக் குரல்தான் எல்லாவற்றையும் விடச் சத்தமாகக் கேட்டது. அது செதிலியின் குட்டி.

செதிலி அதன் வாயைப் பொத்தியது.

"நான் இல்லைம்மா! இந்த வேலைக்காரங்கதான் எனக்குத் தெரியாம அடைச்சிருக்காங்க!" என்று அலறியது கழுதைப்புலி. "புகார் சொன்னவன் எவனோ அவன்தான் பண்ணியிருப்பான்! அவன் பேரைச் சொல்லச் சொல்லுங்க, இப்பவே தெரிஞ்சிடும்!"

"வேலைக்காரங்க பண்ணியிருந்தா, சருகு இருக்கிற ஏழு இடத்தை மட்டும் பூசணும்னு உமக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றது ஆமை.

கழுதைப்புலி நரியின் பின்னால் ஒதுங்கியது.

ஆனையம்மாவுக்கே ஆசை வந்துவிட்டது. குனிந்து ஆமையின் காதில் கேட்டது. "எனக்கு மட்டும் சொல்லு. யாரு அது? ஒரு கட்டுக் கரும்பு தரலாம்னு பாக்கறேன்."

"உங்களுக்கும் சொல்ல மாட்டேம்மா."

"நான்தானே உன்னை வச்சேன்!"

"அதுக்குத்தானே வச்சீங்க."

ஆனையம்மா காதை ஒருமுறை பலமாக அடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது.

"சரி. கரும்பை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துடறேன். இருநூறுல ஒண்ணு சரியான வாய்க்குப் போய்ச் சேரட்டும்."

சிரிப்பு நின்றதும் கழுதைப்புலி பக்கம் திரும்பியது.

"மலைமேல குகை கேட்டியே. இடம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். மலைமேல இல்லை. அந்த மருத மரத்துக்கு நேர் கீழே, பள்ளத்தில. மழை முடியற வரைக்கும் நீயும் உன் நரியும் அங்கேதான் குடியிருக்கணும். மழை வர நாலு நாள் இருக்கு. உன் தலைக்கு மேல இருக்கிற கரையை நீயே நிரப்பிக்கோ. சருகு வேணுமா, களிமண் வேணுமா, உன் இஷ்டம்."

கழுதைப்புலி களிமண் குழி இருக்கும் பக்கம் ஓடியது. நரி பின்னால் ஓடியது.

அந்த நான்கு நாளில் நடந்த அளவுக்கு அந்தக் கரையில் என்றைக்கும் வேலை நடந்ததில்லை. விலங்குகள் ஆறு இடங்களைத் தோண்டிச் சருகை எடுத்துவிட்டுக் களிமண்ணை வைத்து இடித்தன. கொக்கு வறண்ட பக்கத்துக்குப் பறந்துபோய் முள்ளம்பன்றியைக் கூட்டி வந்தது. முள்ளம்பன்றி வந்ததும் முதல் வேலையாகக் களிமண் குழியின் மேல்பக்கத்தைச் சரிசெய்த பிறகுதான் மற்றவர்களை இறங்க விட்டது.

ஏழாவது இடத்துக்குக் கழுதைப்புலி முதுகு வளைய மண் சுமந்தது. அரை நாள் போக, அரை நாள் வர. பெயரின் பின்பாதியை மட்டும் இத்தனை நாள் வைத்திருந்தது அல்லவா? அந்த நான்கு நாள் முன்பாதி முழுவதையும் முதுகில் சுமந்தது. கரையிலேயே உறுதியான இடம் எது என்று இன்றைக்கும் கேட்டால் எல்லாரும் அந்த ஏழாவது இடத்தைத்தான் காட்டுவார்கள்.

ஐந்தாம் நாள் மழை பிடித்தது. ஒன்பது நாள் விடவில்லை. ஏரி கரையின் கழுத்து வரை ஏறியது. அலை வந்து முட்டியது. கரை அசையவில்லை. பள்ளத்தில் செதிலியின் வளைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. குட்டி அம்மாவின் வயிற்றுக்குள் சுருண்டு தூங்கியது. பக்கத்து வளையில் ஒரு கழுதைப்புலி கூரையையே பார்த்துக்கொண்டு விழித்திருந்தது.

மழை விட்டதும் விலங்குகள் கரும்பைக் கடித்துக்கொண்டே பேசின.

"சொன்னது நான்தான்னு வச்சுக்கங்களேன்" என்றது ஒரு மைனா.

"நீயா? அது நான்" என்றது முயல்.

"போங்கடா, ஆமைகிட்ட முதல்ல பேசினதே நான்தான்" என்றது கீரி.

அன்றைக்குள் பதினேழு பேர் 'நான்தான்' என்று சொல்லிவிட்டார்கள். போன மாதம் ஒருவருக்கும் வாய் இல்லை. இந்த மாதம் பதினேழு வாய்.

செதிலி தண்ணீர் குடிக்கத் துறைக்குப் போனது. குனிந்தது.

"பதினேழு பேர் தாங்கதான்னு சொல்றாங்க ஐயா."

"உனக்கு வருத்தமா?"

"இல்லையே. பதினேழு பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க நல்ல இடம்" என்றது செதிலி. மேலே ஓர் இடி இடித்தது. செதிலி பாதி சுருண்டது. பிறகு என்ன நினைத்ததோ, நிமிர்ந்தது. மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு நடந்தது.

அடுத்த மாதம் ஆனையம்மா வந்ததும் நேரே துறைக்குப் போனது.

"புகார் ஏதாவது?"

"பதினொண்ணு" என்றது ஆமை.

"பதினொண்ணா!" ஆனையம்மா பெருமூச்சு விட்டுச் சந்தோஷமாகத் தண்ணீரில் உட்கார்ந்தது. "அப்போ கரை நல்லா இருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்லு."

நீதி: குறை கேட்பவர், குறை செய்தவரின் நிழலில் உட்காரக் கூடாது. சொன்னதை வெளியே வைத்து, சொன்னவரை உள்ளே வைப்பவரிடம்தான் உண்மை வந்து சேரும்.